பூவுக்குக் கொடுத்த முட்டு

நம்ம வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குளியல் தொட்டியின் ஓரத்தில் சிலிக்கான் பசை மூன்று அடுக்காக இருந்தால், உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்து, மூன்று பேரும் அந்த வீட்டுக்காரரை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்காவது ஆளாக நீங்கள் ஆகிவிடாதீர்கள். ஓரம் பிரிவது ஓரத்தின் குற்றமில்லை. அடியில் தாங்க ஒன்றும் இல்லாமல் தொட்டி இறங்குகிறது, அதனால் ஓரம் பிரிகிறது. இது தெரியாமல் யாரும் சிலிக்கான் அடிப்பதில்லை. தெரிந்தேதான் அடிக்கிறார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஈப்போவில் நான் சாமான் வாங்கும் கடையில் ஒரு சீனத்து அம்மா இருந்தார். சிலிக்கான் குழாய் ஒன்றுக்கு மேல் எடுத்தால் சும்மா விடமாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இன்னிக்கு எந்த வீட்டுக்குப் பவுடர் போடப் போற?" என்று மலாயில் கேட்பார். நான் ஆட்கள் சொல்வதைச் சேர்த்து வைக்கிற ஆள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தொழிலையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை; கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அதனால் அந்த அம்மா கேட்டது மாதிரி நாலு பேர் சொன்னது எப்போதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நான் சொல்ல வந்த அன்றைக்கும் ஓடியது.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது இது. வீடு கட்டும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் போன் செய்தார். நம்ம பிள்ளைதான், என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் எடுத்த ஒரு பழைய கித்தாத் தோட்டத்தை வாங்கி, தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டு, அங்கே வீடு எழுப்பப் போகிற கம்பெனி அது. லயத்தில் இருந்தவர்களுக்குப் புது வீடு தருவதாகப் பேச்சு. அதுவரைக்கும் அவர்களை டவுனில் அடுக்குமாடியில் வைத்திருந்தார்கள்.

ஒரு குடும்பத்தை மட்டும் அங்கே வைக்க முடியவில்லை. மாணிக்கம் என்ற பழைய பால்மரத் தொழிலாளிக்குச் சக்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிடைத்ததோ மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. அவர் மனைவி பார்வதி ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கியதில், கம்பெனி ஒரு பழைய கேரவனை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு மாதிரியான வண்டி. அதைத் தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவும் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாசத்துக்கு என்றார்கள். நான் போகும்போது இரண்டு வருசம் தாண்டியிருந்தது.

"அங்கிள், கேரவன்ல பாத் டப் ஒடஞ்சிருச்சு," என்றார் மேனேஜர். "உள்ள நாற்காலி போட்டு உக்காந்து குளிக்கிறாங்க லா. ஒடையாம என்னா செய்யும்? நீங்க போயி ஓட்டைய அடச்சி, ஓரத்துக்குச் சிலிக்கான் அடிச்சிட்டு வாங்க. போராங் ஒண்ணு அனுப்புறேன். அதுல 'தவறாகப் பயன்படுத்தியதால் சேதம்'னு எழுதி சைன் வச்சிடுங்க."

"அப்படி எழுதினா அவங்களுக்கு என்னா ஆகும்?"

"கேரவன் அவங்களுக்குச் சரிப்பட்டு வரலன்னு ஃபிளாட்டுக்கு மாத்திடுவோம். மத்தவங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க."

"மூணாவது மாடிக்கா தம்பி?"

"அது என் கையில இல்ல அங்கிள்."

கோயிலைச் சுற்றியிருந்த அந்த நிலத்தில் கம்பெனிக்கு ஏதோ வேலை ஆகவேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஒரு படிவத்தில் நான் எழுதப்போகிற மூன்று வார்த்தையில் ஒரு மனிதர் மூன்றாம் மாடியில் அடைபட்டுப் போவார்.

மறுநாள் காலையில் போனபோது பார்வதி சரிவின் மேல் நின்றுகொண்டு வழியை மறித்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பார்வை என் முகத்துக்கு வரவில்லை, கையில் இருந்த சிலிக்கான் துப்பாக்கியிலேயே இருந்தது.

"நீங்களும் இதத்தான் கொண்டாந்தீங்களாண்ணே? போன வருசம் ஒருத்தர் வந்தாரு, வெள்ளயா அடிச்சாரு. அப்புறம் ஒருத்தர் அதுக்கு மேல அடிச்சாரு. மூணாவது ஆளு வந்து, அழகா இருக்கா அக்கான்னு கேட்டுட்டுப் போனாரு."

"நான் மொதல்ல பாக்குறேம்மா. அடிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

"எட்டு நாளா அவர துண்டு நனச்சித் தொடச்சி விடுறேன். ஊத்திக் குளிச்சாதான் அவருக்குக் குளிச்ச மாதிரி. அன்னிக்குக் குளிக்கும்போது நாற்காலியோட பின்னங்கால் சடார்னு உள்ள போயிருச்சு. ஆளு சாஞ்சிட்டாரு. குழாயப் புடிச்சிக்கிட்டதால தல தப்பிச்சது."

உள்ளே கட்டிலில் இருந்து மாணிக்கத்தின் குரல் வந்தது. "நாலு காலு இருக்கிற நாற்காலியே நிக்கல. ஒத்தக்காலு நான் என்னா செய்வேன்."

தொட்டிக்குள் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பறைத் தோல் மாதிரி இறங்கி எழும்பியது. நாற்காலிக்கால் போன இடத்தில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை. ஓரத்தில் சிலிக்கான் மூன்று அடுக்கு.

என்ன ஆத்திரம் வந்தது தெரியுமா. நாற்காலி போட்டதால் உடைந்ததாம். ஒற்றைக்கால் மனிதர் தொட்டியில் படுத்துக் குளித்தால் எழுந்திருப்பது எப்படி? அவரை விடுங்கள், இரண்டு காலும் நன்றாக இருக்கிற நம்மில் எத்தனை பேர் தொட்டியில் படுத்துக் குளிக்கிறோம்? வாளியில் பிடித்து, மொண்டு, தலையில் ஊற்றிக் குளிக்கிற சனங்கள் நாம். குடியிருக்க ஒரு வீட்டைக் கொடுத்தால் குடியிருப்பவர்கள் குளிப்பது மாதிரிதான் குளிப்பார்கள். அதைத் தாங்காத தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குளித்தவரைக் குற்றவாளி ஆக்குவதா?

வண்டிக்கு அடியில் புகுந்தேன். மல்லாக்கப் படுத்து முதுகால் நகர்ந்து போகிற அளவுக்குத்தான் இடம். பார்வதி வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சைக் காட்டினார். அடியில் மூடியிருந்த தகட்டைக் கழற்றினேன். தொட்டிக்கு அடியில் தரையே இல்லை. கழிவுக் குழாய்க்காக வெட்டிய ஓட்டை ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்குத் திறந்து கிடந்தது. இரும்புச் சட்டத்தின் மேல் குறுக்காக இரண்டே இரண்டு பலகை. ஒன்று உளுத்துப் பாதி விழுந்து தொங்கியது. மற்றதைத் தொட்டதும் என் முகத்தில் மாவு கொட்டியது.

வாய் சும்மா இருக்குமா? "எவன் செஞ்ச வேலம்மா இது? தண்ணி பொழங்குற எடத்துல கித்தாப் பலகைய வச்சிருக்கான். பூச்சிக்கு விருந்து வச்சிருக்கான்."

"படிச்ச ஆளா இருப்பாராண்ணே?"

"படிச்சவனா இருந்தா கடையில போயி ஒரு பலகையாச்சும் வாங்கியிருப்பான். இவன் பழைய கட்டில ஒடச்சில்ல வச்சிருக்கான். இங்க பாருங்க, கட்டில் காலு மாட்டுற பள்ளம் அப்படியே இருக்கு."

"அவன் வீட்டுல இப்படி வப்பானா?"

"அவன் வீட்டுல அவன் பொண்டாட்டி வெளக்கமாத்த எடுப்பா."

பார்வதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. அந்த ஆளின் பரம்பரை வரைக்கும் போய்த் திட்டினேன். திட்டிக்கொண்டே தொங்கிய பலகையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் பென்சிலில் 'மேல்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

தமிழில் எழுதியிருந்தது. என் கையெழுத்து.

பலகையில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று எழுதி இரண்டு கோடு போடுவது என் பழக்கம். ஆரம்பத்தில் ஒரு தரம் ஒரு கதவைத் தலைகீழாக மாட்டி அவமானப்பட்டதில் இருந்து விடாமல் செய்கிறேன். இந்தப் பலகையில் மேல் பக்கத்தைக் கீழே போட்டுத்தான் மாட்டியிருந்தேன். அந்த அளவுக்கு அவசரம்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அதற்கு ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் ஆயர் தாவார் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒருவர் பழைய கேரவன்களை நிறுத்தி, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஒரு வண்டியில் தொட்டி ஆடுகிறது என்று கூப்பிட்டார். சனிக்கிழமை ஆள் வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள் என்றார். திறந்து பார்த்தேன். சட்டம் போட்டு, தரை அடித்து, முறையாகச் செய்தால் மூன்று நாள் வேலை. அவரோ, "இதுல யாரு குளிக்கப் போறா? பூவ மெதக்க விட்டுப் படம் புடிக்கத்தான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியில் கிடந்த பழைய கட்டில் பலகையை அறுத்து இரண்டு முட்டுக் கொடுத்தேன். காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. பூவுக்கு என்ன தாங்கல் வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த விடுதி மூடி, வண்டி கைமாறி, ஒரு நாள் அதில் ஒரு மனிதர் குடியேறுவார் என்று நான் நினைக்கவில்லை. நினைப்பதும் நம் வேலையில் சேர்த்திதான்.

"என்னாண்ணே, பேச்சக் காணோம்?" என்றார் பார்வதி.

"ஒண்ணுமில்லம்மா. கண்ணுல தூசி."

தம்பிகளே, அந்த இடத்தில் நான் ஒரு யோக்கியனும் இல்லை. அந்தப் பலகையை ஒடித்து என் வேனில் எறிந்தால் முடிந்தது. என் கையெழுத்து பார்வதிக்குத் தெரியாது. படிவத்தில் 'முன்பு செய்த வேலை சரியில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, முறையாகச் சரிசெய்து கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லையே என்று நினைத்தேன். கணக்காகத்தான் இருந்தது. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எழுத்து இருக்கிற பக்கத்தை என் காலோடு ஒட்டிப் பிடித்திருந்தேன். அங்கேயே நின்று மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். பார்வதிக்குக் கேட்கட்டும் என்றுதான்.

"தம்பி, நாற்காலியால ஒடையல. அடியில தரையே இல்ல. முன்ன எவனோ ரெண்டு பலகைய வச்சி ஏமாத்தியிருக்கான். நான் அப்படித்தான் எழுதப் போறேன்."

"எவனோன்னா யாரு அங்கிள்?"

"முன்ன வேல செஞ்சவன்."

"அப்படி எழுத முடியாது லா. நாங்க வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. இவங்களே அடியில போயி நோண்டியிருப்பாங்க. இவங்க இல்லன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

பார்வதி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. இதுவும் இப்படித்தான் முடியப் போகிறது என்று தெரிந்துகொண்ட பார்வை. ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பார்வை வந்துவிடும்.

"முடியும் தம்பி," என்றேன். "அந்தப் பலகைய வச்சவன் நான்தான். ஆயர் தாவார்ல வண்டி நின்னப்ப வச்சேன். பலகையில என் கையெழுத்து இருக்கு. படம் எடுத்து அனுப்புறேன்."

"அங்கிள், மண்ட சரியா இருக்கா? இத எழுதிக் குடுத்தா நாளைக்கு உங்கள யாரு வேலைக்குக் கூப்பிடுவா?" என்றார்.

"கூப்பிடாட்டிப் போறாங்க. தவறாப் பயன்படுத்துனாங்கன்னு மட்டும் என் கையால எழுத மாட்டேன்."

போனை வைத்தேன். பார்வதியின் கையில் டார்ச் அதுவரை எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தார்.

"சொல்லவேண்டிய ஆளு நான் இல்ல," என்றார். "உள்ள இருக்காரு. அவருகிட்டப் போயிச் சொல்லுங்க."

போனேன். சொன்னேன். பூவைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். மாணிக்கம் பலகையை வாங்கி மோந்து பார்த்தார். "கித்தா மரமா?" என்றார். "இதைத்தான் நாப்பது வருசமா சீவினேன். பொறுத்திருந்து சமயம் பாத்து என்னத் தள்ளிவிட்டிருச்சு." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றார் பார்வதி. "நீங்க சாஞ்சப்ப தூக்கினது நான். அந்தக் குழாய் மட்டும் இல்லன்னா இவரு இங்க வந்து கதை சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாரு."

காலையில் பெயர் தெரியாத ஒருவனைத் திட்டும்போது எனக்கு எவ்வளவு வார்த்தை வந்தது. அதில் ஒன்றைக்கூட அந்த அம்மா என் மேல் திருப்பிப் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை மூன்று நாள் பிடித்தது. அன்றைக்கே பிடித்திருக்க வேண்டிய அதே மூன்று நாள். இரும்புக் குறுக்குச் சட்டம், தடித்த பலகை, தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் சிமெண்டுக் கலவை, ஓட்டை விழுந்த இடத்துக்கு ஃபைபர் ஒட்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விவரிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அப்படியே இறுக விடுங்கள். சுமையோடு உட்கார்ந்த தொட்டிதான் சுமையைத் தாங்கும்.

முடித்ததும் வழக்கம்போலக் காலால் மிதித்துக் காட்டப் போனேன். பார்வதி தடுத்தார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தொட்டிக்குள் வைத்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"உங்க எடை காணாது. அவரு எண்பத்திரண்டு கிலோ." அடுப்படியில் இருந்து கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, என் மடியில் ஏற்றிப் பிடிக்கச் சொன்னார். மாணிக்கம் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து, "மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு பாரு," என்றார்.

"இப்ப ஆடுங்க," என்றார் பார்வதி.

"என்னாம்மா?"

"அவரு சும்மா உக்காந்து குளிக்க மாட்டாரு. பாடிக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் ஆடுவாரு. ஆடுங்க."

அறுபத்து மூன்று வயதில், காய்ந்த தொட்டிக்குள், சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். தொட்டி அசையவில்லை. இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாற்பது வருசமாக எத்தனையோ தொட்டி வைத்திருக்கிறேன். இதில் யார் குளிப்பார், எப்படிக் குளிப்பார் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. எல்லா வீட்டிலும் என் காலால் ஒரு மிதி. நான் அந்தத் தொட்டியில் குளிக்கப் போகிறவனே இல்லை, என் காலுக்கு என்ன தெரியும்?

மறுபடி அடியில் புகுந்து தகட்டை மூடப் போனேன். பார்வதி குனிந்து ஒரு பென்சிலை நீட்டினார்.

"பலகையில எழுதுங்கண்ணே."

"எழுதிட்டேன்மா, மேல்னு."

"அது இல்ல. உங்க பேரு. முழுப் பேரு. போன் நம்பரும். அடுத்து எவனாச்சும் இதுக்குள்ள படுத்துக்கிட்டுத் திட்டினா, யாரத் திட்டுறோம்னு அவனுக்குத் தெரியணும்."

எழுதினேன். மல்லாக்கப் படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி எழுதினேன். அவர் டார்ச்சைப் பிடித்தார்.

அந்தப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில், 'முன்பு நான் செய்த வேலை சரியில்லாததால்' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு இடத்திலும் கூப்பிடவில்லை. ஆனால் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி மாணிக்கத்தை மாடிக்கு ஏற்றவும் அவர்களால் முடியவில்லை. அதன் பிறகு வேலையை விடும்வரைக்கும், கண்ணுக்குத் தெரியாமல் மூடிப்போகிற ஒவ்வொரு பலகையிலும் என் பெயரையும் நம்பரையும் எழுதினேன். எழுதப் பார்த்தால் கை நின்றுவிடுகிற பலகைகள் சில இருந்தன. அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவந்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். சிலிக்கான் எவ்வளவு குறைவாகச் செலவாகிறது என்று பாருங்கள்.

பார்வதி மாசத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். நலம் விசாரிக்கிற போன் இல்லை, தொட்டி நிலவரம் சொல்கிற போன் அது. போன வாரமும் வந்தது. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் மாணிக்கத்தின் பாட்டும் கேட்டன. ஆறு மாசம் என்று சொன்ன கேரவனுக்கு இப்போது ஐந்து வருசம் ஆகிறது.

"அண்ணே," என்றார், "நீங்க வச்ச தொட்டி நிக்குது. அவங்க கட்டுறேன்னு சொன்ன வீடுதான் இன்னும் நிக்கல."